பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு

அவசரப்பட்டு ஒரு போன் போட்டுவிட்டாள் முத்துமீனா. வில்லாபுரத்தில், வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்கான உதவி மையத்தில் அவள் ஆலோசகர்.

அன்று காலையில் எழுமலையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள் பாண்டீஸ்வரி. உதடு கிழிந்து, இடது கை வீங்கி, பார்க்கவே மனசு பதறியது. எல்லாம் புருஷன் பாண்டியராஜனின் கைவரிசை. அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, சமயநல்லூரில் இருக்கும் அவள் அண்ணன் முத்துப்பாண்டியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள் முத்துமீனா. பிறந்த வீட்டு ஆள் ஒருவர் பின்னால் வந்து நின்றால்தான் இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தெம்பு வரும் என்பது அவள் அனுபவம். வந்தவளைக் கேட்காமல் யாருக்கும் தகவல் சொல்லக் கூடாது என்று புது ஆட்களுக்குப் பாடம் நடத்துகிறவளும் அவள்தான். பாடம் நடத்துகிறவர்கள் தங்களுக்கு மட்டும் லீவு விட்டுக்கொள்வது உலகத்தில் உள்ளதுதானே.

மாவுக்கட்டோடு திரும்பி வந்த பாண்டீஸ்வரிக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளிறிவிட்டது.

"அண்ணன் நல்லவருதான் மேடம். ஆனா அவரு கட்டியிருக்கது எங்க வீட்டுக்காரரு தங்கச்சிய. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தது. நான் கோவிச்சுட்டு வந்துட்டேன்னா மதினிய அவுக கூட்டிட்டுப் போயிருவாக. அதுக்குப் பயந்துதான் இம்புட்டு நாளும் வாயத் தொறக்கல."

"தப்புப் பண்ணிட்டேம்மா. உன்னையக் கேட்டிருக்கணும்," என்றாள் முத்துமீனா. தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு கோபம். மன்னிப்புக் கேட்டால் போன போன் திரும்பி வந்துவிடுமா?

மதியமே வந்துவிட்டார் முத்துப்பாண்டி, மனைவி கனகலட்சுமியோடு. தங்கச்சியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பாசம் இல்லாத மனுஷன் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் பேச வந்ததைப் பேச முடியாது, அவ்வளவுதான்.

"மச்சான் இனிமே கை வைக்க மாட்டேங்கிறாரு மேடம். நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வையுங்க. இவ போகலேன்னா எம் பொண்டாட்டியக் கூப்பிட்டுக்கிருவோம்னு அங்கிட்டுப் பெரியவுக சொல்லிட்டாக. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக."

"அவ விருப்பம் இல்லாம இங்கருந்து யாரும் கூட்டிட்டுப் போக முடியாதுண்ணே," என்ற முத்துமீனா, பாண்டீஸ்வரியிடம் திரும்பினாள். "நீ சொல்லும்மா."

பாண்டீஸ்வரி கனகலட்சுமியை ஒரு தடவை பார்த்தாள்.

"போறேன் மேடம். எனக்குப் புள்ளைகுட்டி இல்ல. என்னால மதினி எதுக்குச் சீரழியணும்?"

முத்துமீனாவுக்கு, போகாதே என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கலாம் போலிருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை அவளைக் கேட்காமல் முடிவெடுத்ததே போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அதுவரை சுவரோரமாக நின்றிருந்த கனகலட்சுமி முன்னால் வந்தாள்.

"எனக்காகப் போறேன்னு சொல்லாதீங்க மதினி. என்னைய யாரு கேட்டா?" என்றவள், முத்துமீனாவைப் பார்த்தாள். "எழுதிக்கோங்க மேடம். பொங்கலுக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போனப்ப, எங்கண்ணன் இவுகளப் பிடிச்சுச் செவுத்துல மோதுனத நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டு, கொழம்புல உப்பு சரியா இருக்கான்னு பாக்கப் போயிட்டேன். எந்தக் கோர்ட்டுலயும் வந்து சொல்றேன்."

"ஏய், உன் கூடப் பொறந்தவன்டி அவன்," என்றார் முத்துப்பாண்டி.

"இவுக உங்க கூடப் பொறந்தவுக." கனகலட்சுமியின் குரல் உயரவில்லை. "நாளைக்கே எங்க ஆளுக வந்து என்னையக் கூப்பிடுவாக. நான் போக மாட்டேன். நீங்க அனுப்பிருவீகளா?"

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. பாண்டியராஜன்தான். எடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தார்.

"இல்ல மச்சான், அவள அனுப்ப மாட்டேன்." பயம் குரலிலேயே தெரிந்தது. "உன் தங்கச்சியவா? வந்து கேட்டுப் பாரு. அவளும் வர மாட்டா."

பாண்டீஸ்வரி முத்துமீனாவின் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் போகல மேடம். புகார் குடுக்குறேன்," என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள்.