நாலாம் மேசை

விஞ்ஞானிக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி மேலாளர் மேல். மீதிக் கால்வாசி யார் மேல் என்று அவனுக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி யோசிக்க அவனுக்கு இஷ்டமில்லை.

விஞ்ஞானி என்றதும் வெள்ளைக் கோட்டு போட்ட ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு அச்சிட்டுக் கொடுப்பது அவன் வேலை. வீட்டுக்கு வந்தால் லேப்டாப்பைத் திறந்துவைத்து, யாரும் கேட்காத புரோகிராம்களாக எழுதித் தள்ளுவான். ஒருமுறை, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணி அடிக்கும்படி ஒன்று எழுதினான். தொட்டி நிரம்பி, வழிந்து, மாடிப்படி முழுக்க ஆறாக ஓடி முடித்த பிறகு அது சாவகாசமாக மணி அடித்தது. அன்றைக்கு அண்ணி வைத்த பெயர்தான் விஞ்ஞானி. கிடங்கிலும் அதுவே ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் அண்ணியும் அங்கேதான் வேலை பார்த்தாள். நாலாம் மேசையில் பெட்டி கட்டுவாள். பதினோரு வருஷமாக அதே மேசை.

அவன் எழுதியதில் ஒன்றே ஒன்று உருப்பட்டது. கிடங்குக்கு வரும் ஆர்டர் பட்டியல் மருந்துகளின் அகரவரிசையில் இருக்கும். அலமாரிகளோ வேறு வரிசை. முதல் மருந்து இந்தக் கோடியில் என்றால் அடுத்தது அந்தக் கோடியில். பெட்டி கட்டுகிறவர்கள் நாள் முழுக்கச் செக்குமாடு மாதிரி சுற்றுவார்கள். வேலை விட்டு வந்ததும் அண்ணி குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்துப் பார்த்து, பட்டியலை அலமாரி வரிசைக்கு மாற்றும் புரோகிராம் ஒன்றை எழுதிக் கிடங்கில் போட்டான். நடை பாதியாகக் குறைந்தது. மூன்று வருஷமாக எல்லாரும் அவனைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

அத்தோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஓர் அரிப்பு உண்டு. எது நடந்தாலும் எங்கேயாவது குறித்துவைக்க வேண்டும். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது, இருக்கட்டுமே, என்றைக்காவது உதவும் என்பார்கள். எந்த மேசை எத்தனை மணிக்கு ஒரு பெட்டியை முடித்தது என்று ஒரு கோப்பில் வரிவரியாகப் பதியும்படி செய்தான். என்ன மாதிரிப் பெட்டி என்பதையும் சேர்க்க நினைத்தான். சோம்பல். அந்த இடத்தில் ‘பின்னால் பார்க்கலாம்’ என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டு எழுந்துவிட்டான்.

அவன் பார்க்கவில்லை. பாழாய்ப்போன மேலாளர் பார்த்துவிட்டார். கிடங்குக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து, பழையதில் இருந்ததை எல்லாம் மாற்றியபோது அந்தக் கோப்பு அவர் கண்ணில் பட்டது. மற்ற மூன்று மேசைகளும் நாளுக்கு அறுபது பெட்டி. நாலாம் மேசை முப்பத்தெட்டு. மறுநாளே அண்ணி கைக்குக் கடிதம் வந்தது, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்று.

ராத்திரி சோறு பரிமாற வந்த அண்ணி அந்தக் கடிதத்தை அவன் லேப்டாப் மேலேயே வைத்தாள். விஞ்ஞானி படித்தான். படித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டியவன், கேட்டான்.

“தப்பா நினைக்காதீங்க அண்ணி. நீங்க ஏன் இவ்வளவு மெதுவா…”

“மெதுவாவா?” அண்ணி கையிலிருந்த கரண்டியை வைத்தாள். “ஐஸ் வைக்கிற பெட்டி எல்லாம் யார் மேசைக்கு வருது? இன்சுலின், தடுப்பூசி, கண்ணாடிக் குப்பி, அத்தனையும் என் தலைலதான். தெர்மாகோல் பெட்டி எடுக்கணும், கீழ ஒரு ஐஸ் பை, மேல ஒண்ணு, நடுவுல அட்டை குடுக்கணும். குப்பி ஐஸைத் தொட்டா மருந்து உறைஞ்சு செத்துப்போயிடும். மாத்திரை அட்டையை அள்ளிப் போடுற மாதிரியா இது?”

“எனக்குத் தெரியாதே அண்ணி.”

“எப்படித் தெரியும்? மூணு வருஷமா உனக்கு எதிர்லதான் உட்கார்ந்து சாப்பிடுறேன். என் கால் வலிச்சது உனக்குத் தெரிஞ்சுது. என் கை என்ன பண்ணுதுன்னு ஒரு நாளாவது கேட்டியா?”

விஞ்ஞானி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான்.

காலையில் முதல் வேலையாக மேலாளர் அறைக்குப் போனான். அவர் எழுந்து கை கொடுத்தார்.

“உங்களைத்தான் கூப்பிடணும்னு இருந்தேன். பிரமாதமான வேலை. இவ்வளவு நாள் சொல்லவே இல்லையே!”

“அந்தக் கணக்கு தப்பு சார்.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க.”

“அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். எனக்குத் தெரியாததும் அதுக்குத் தெரியாது. எழுதினது நான்தானே!” அவன் குரல் அவனை மீறி உயர்ந்தது. ஐஸ் பெட்டியையும் அட்டையையும் பற்றிச் சொன்னான். ‘பின்னால் பார்க்கலாம்’ என்ற வரியைத் திரையில் திறந்து காட்டினான். மேலாளர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“சரி, பின்னால பார்த்துக்கலாம். இப்போதைக்கு இருக்கிற நம்பரை வச்சுத்தான் முடிவெடுக்க முடியும்.”

பளாரென்று ஓர் அறை விடலாமா என்று கை துடித்தது. துடித்து என்ன பயன்? மாதக் கடைசியில் அண்ணி தன் கத்திரியையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐஸ் பெட்டிகள் மற்ற மூன்று மேசைகளுக்கும் பிரிந்தன. இரண்டே வாரம். மேலாளர் விஞ்ஞானியை அவசரமாகக் கூப்பிட்டார். அவர் மேசை மேல் திரும்பி வந்த பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே ஐஸ் பையோடு ஒட்டி உறைந்து கெட்டுப்போன இன்சுலின்.

“உங்க புரோகிராம்ல ஏதோ கோளாறு. மூணு மேசையும் திடீர்னு நாப்பத்தஞ்சுக்கு இறங்கிடுச்சு. பெட்டி மலை மாதிரி தேங்கிக் கிடக்குது. எங்க தப்புன்னு பாருங்க.”

“கோளாறு இல்ல சார். அது எங்க அண்ணி.”

மேலாளருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“சரி, சரி. அவங்களைத் திரும்ப வரச் சொல்லுங்க.”

விஞ்ஞானி அங்கேயே அண்ணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். விஷயத்தைச் சொன்னான்.

“அனுப்புறதுக்குக் காகிதம், கூப்பிடுறதுக்குக் கொழுந்தனா?” என்றாள் அண்ணி. “அந்த மனுஷனுக்கு வாய் இல்லையா?”

“நான்தாம்மா பேசுறேன்,” என்றார் மேலாளர், இறங்கிய குரலில்.

“சந்தோஷம். நாளைக்குக் காலையில வரேன். நீங்களும் நாலாம் மேசைக்கு வாங்க. ஒரே ஒரு ஐஸ் பெட்டி உங்க கையால கட்டுங்க. நான் பக்கத்துல நின்னு மணி பார்க்கிறேன். நான் வேலைக்கு வரதா வேண்டாமான்னு அதுக்கு அப்புறம் பேசுவோம்.” கூடவே, “தம்பி, உனக்கும் ஒரு பெட்டி இருக்கு,” என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் மேலாளருக்கு வெளியூரில் ஏதோ கூட்டம் முளைத்துவிட்டது. கிடங்கு மொத்தமும் வேடிக்கை பார்க்க, விஞ்ஞானி மட்டும் நாலாம் மேசையில் நின்றான். ஐஸ் பையைப் பிடித்த விரல்கள் மரத்துப்போயின. டேப் கோணலாக ஒட்டியது, பிய்த்து மறுபடி ஒட்டினான். ஒரு பெட்டிக்கு இருபத்திரண்டு நிமிஷம். அண்ணி வந்து டேப்பைக் கீறி, உள்ளே பார்த்தாள்.

“குப்பி ஐஸ் மேல படுத்திருக்கு. திரும்பக் கட்டு,” என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “உங்க ஐயா என்னைக்கு வந்து கட்டுறாரோ, அன்னைக்கு எனக்குச் சொல்லி அனுப்பு.”

அவள் போய்விட்டாள். விஞ்ஞானி பெட்டியைக் கவிழ்த்து, முதலிலிருந்து கட்டத் தொடங்கினான்.