ஐரீனின் ஜோடி

புதன்கிழமை மதியம் இரண்டு மணி வகுப்புக்கு ஏழு பேர் வருவார்கள். நாடாளுமன்றம் நடக்கும் விதத்தைப் பற்றிய பாடம். பதினெட்டு வருடம் எம்.பி.யாக இருந்துவிட்டு, தேர்தலில் மண்ணைக் கவ்வி, இந்த வட இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் வாத்தியாராக ஒண்டிக்கொண்டவன் நான். மனைவி லண்டனோடு தங்கிவிட்டாள். வாரத்தில் மனிதர்களோடு நான் பேசுவது அந்த இரண்டு மணி நேரம்தான். மற்ற நாட்களில் கெட்டிலைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

இந்த வருடம் ஐரீன் பாஸ்கோவைப் பேச அழைத்தேன். அப்போது எதிர்க்கட்சி எம்.பி., இப்போது பிரபுக்கள் சபையில் இருக்கிறார். பதினோரு வருடம் அவரும் நானும் ஜோடி. கல்யாண ஜோடி இல்லை, ஓட்டு ஜோடி. ஒருவர் வர முடியாத நாளில் மற்றவரும் ஓட்டுப் போடாமல் வெளியே நிற்க வேண்டும். இரண்டு கட்சிக்கும் கணக்கு சரியாகிவிடும். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. வாய்ச்சொல்தான்.

அதை நான் ஒரே ஒரு முறை மீறினேன். பதினாறு வருடத்துக்கு முன்பு, மீன்பிடி மசோதாவின் கடைசி வாக்கெடுப்பு. சின்னப் படகுக்காரர்களின் பங்கைப் பிடுங்கிப் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்கும் மசோதா. கார்ன்வால் கடற்கரையில் அப்படி ஒரு சின்னப் படகு வைத்திருந்தவர்தான் ஐரீனின் கணவர் காலின். அன்று அவர் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தார். ஐரீன் என்னை நம்பி அவர் பக்கத்திலேயே இருந்துவிட்டார். எங்கள் கொறடா வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"ஒரு ஓட்டு இடிக்குதுய்யா. உள்ள போ. அந்தம்மாவுக்கு நாளைக்குப் பூங்கொத்து அனுப்பிக்கலாம்."

போனேன். ஒரே ஓட்டில் ஜெயித்தோம். சமமாக நின்றிருந்தால் சபை மரபுப்படி மசோதா விழுந்திருக்கும். மறுநாள் காலின் இறந்தார். மூன்று கடிதம் எழுதினேன், ஐரீனிடமிருந்து ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதனால்தான் அழைத்தேன். மாணவர்கள் முன்னால் எழுந்து நின்று, வாக்குத் தவறியவன் நான்தான் என்று சொல்லி, அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். சபையில் செய்த தப்புக்கு மூலையில் நின்று மன்னிப்புக் கேட்பது பித்தலாட்டம் என்பது என் கட்சி.

வந்தார். கைத்தடியோடு, நனைந்த கோட்டோடு. "மிஸ்டர் ஹோல்ராய்டு" என்றார். பதினோரு வருடம் கென் என்று கூப்பிட்ட வாய் அது.

வகுப்பில் பிய்த்து உதறினார். "தூக்கம் வந்தா தாராளமா தூங்குங்க. பிரபுக்கள் சபையில நாங்க அதுக்குத்தான் போறோம்" என்று அவர் சொன்னதும் ஏழு பேரும் சிரித்தார்கள். என் வகுப்பில் அவர்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஜோடி முறையையும் அவரே விளக்கினார். முன்வரிசை பெத்தனி கையைத் தூக்கினாள்.

"மேடம், உங்க ஜோடி எப்பவாச்சும் உங்களக் கவுத்திருக்காரா?"

நான் எழுந்துவிட்டேன். வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

"இல்லம்மா" என்றார் ஐரீன், என் பக்கம் பார்க்காமலே. "என் ஜோடி சொன்ன சொல் தவறாதவர். இதோ நிக்கறாரே, இவர்தான்."

ஏழு பேரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன். ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சாயங்காலம் ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டேன். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன். "என்னை ஏன் காப்பாத்தினீங்க?"

"உங்களையா?" என்று சிரித்தார். "அன்னிக்கு வாக்கெடுப்பு முடிஞ்சதும், ஓட்டு என்ன ஆச்சுன்னு காலின் கேட்டார். மசோதா விழுந்துடுச்சு, கென் உள்ள போகலன்னு சொன்னேன். நல்ல மனுஷன்னார். அதுக்கப்புறம் அவர் பேச்சு தெளிவா இல்ல."



"ஐரீன், ஓட்டுப் பட்டியல்ல என் பேரு அச்சாகியிருக்கு. யார் வேணா எடுத்துப் பாக்கலாம்."

"பாக்கட்டும். அச்சுல இருக்கறது வேற, நம்ம வாயால வர்றது வேற. நீங்க மன்னிப்பு கேட்டு நான் மன்னிச்சேன்னா, சாகக் கிடந்தவர்கிட்ட பொய் சொன்னவளா நிக்கணும். என்னால முடியாது."

"அப்ப நான் இதை யார்கிட்டதான் சொல்றது?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க." கையை நீட்டினார். "வாய்ச்சொல் போதும், கென்."

கென் என்றதும் என் மனது நாய்க்குட்டி மாதிரி துள்ளியது. கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். வண்டி வந்தது, ஏறிப் போனார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். சொல்ல ஆளும் இல்லை, இனிமேல் சொல்லவும் கூடாது. ஏழு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தேன். இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன்.