பொரியின் மூத்திரக் கல்

டாக்டர் கவிநிலா என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீங்க கீரை குடுக்கறீங்க. இல்லன்னா கல்லு திரும்பத் திரும்ப எப்படி வரும்?" என்று கேட்டார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. என் வீட்டில் நாங்களே கீரை தின்று எத்தனையோ மாதம் ஆகிறது.

பொரி எங்கள் வீட்டுக் கினிப்பன்றி. பெட்டை. சேதராப்பட்டு கம்பெனியில் என்னோடு பேக்கிங்கில் இருந்த பெண் கல்யாணமாகிப் போகும்போது கூண்டோடு என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குப் பிள்ளை இல்லை. "ஆதிலட்சுமி எலிக்குத் தாலாட்டு பாடறா" என்று உப்பளம் ஏரியாவில் எங்கள் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டு அரிசியையா அது தின்கிறது?

அதற்கு வலி வந்தால் பெரிதாகக் கத்தாது. முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் ஒடுங்கும். பின்பக்கத்தைத் தூக்கி முக்கும். மெல்லிசாக ஒரு முனகல் வரும். விரித்த துணியில் ரத்தம் கலந்து சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கும். காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

முதலில் காட்டிய டாக்டர் கூண்டைத் திறக்கக்கூட இல்லை. "நாய், பூனைன்னா பாக்கலாம்மா. இது செத்தா வேற வாங்கிக்குங்க" என்றார். அவர் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும் போல இருந்தது. விசாரித்து விசாரித்துத்தான் கவிநிலாவைக் கண்டுபிடித்தேன். அவர்தான் புரியும்படி சொன்னார். இந்த ஜாதி உயிருக்கு உடம்பில் சேரும் சுண்ணாம்புச் சத்து அதிகமானால் மூத்திரத்தில்தான் வெளியே போகும். அளவு மிஞ்சினால் மூத்திரப் பையிலேயே மணலாகி, மணல் கல்லாகிவிடும். "கீரைய கண்ணுல காட்டாதீங்க. காய்ஞ்ச புல்லு, வெள்ளரிக்கா, குடமிளகா. தண்ணி நெறைய குடிக்கணும்."

அத்தனையும் செய்தேன். ஸ்டேடியம் பக்கம் புல் அறுத்து மொட்டை மாடியில் காயவைத்தேன். குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேன் தண்ணீர் வைத்தேன். மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கடைவாயில் விட்டேன். பொரி தேறும். என்னைக் கண்டால் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீச்சிடும். ஒரு மாதம்கூடத் தாங்காது. மறுபடியும் மூலை, மறுபடியும் ரத்தம்.

என் புருஷன் மதிவாணனைக் கேட்டேன். ஃபர்னிச்சர் கடை வேன் ஓட்டுகிறவர். பகலில் சாப்பிட வீட்டுக்கு வந்து போவார்.

"பொரிக்கு நீங்க ஏதாவது கீரை போட்டீங்களா?"

"நான் ஏண்டி போடப் போறேன்? நீதான் வேணாம்னு சொல்லிட்ட இல்ல?"

நம்பினேன். அதனால்தான் கவிநிலாவின் பார்வை என்னை அப்படிச் சுட்டது.

அடுத்த அமாவாசையன்று கம்பெனியில் மிஷின் ரிப்பேர் என்று பாதி ஷிப்டில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் மதிவாணன் தலைக்குக் குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் அகத்திக்கீரைக் கட்டு. பொரி கொழுந்து கொழுந்தாக இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. கீரை பாதி காலி. மிச்சக் கட்டைத் தரையில் வைத்துவிட்டு அவர் பொரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"யோவ்! இன்னாய்யா பண்ற?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் யோவ் என்று கூப்பிட்டதில்லை.

"கத்தாதடி. அமாவாச. அப்பா பேர்ல குடுக்கறேன்."

"அகத்திக்கீரை மாட்டுக்குத்தான குடுப்பாங்க?"

"மாடு எங்க இருக்குது? பால்கார காத்தவராயன் இருந்த மாட்டயும் வித்துட்டு மக வூட்டுக்குப் போயிட்டாரு. கீரைய கையில வெச்சிக்கினு ஊரெல்லாம் மாடு தேட சொல்றியா? இதுவும் புல்லு தின்ற வாயில்லா ஜீவன்தான? மொத தடவ நீட்டுனப்ப ஓடியாந்து தின்னுச்சு. அப்பாவே வந்து வாங்கிக்கிட்டாப்ல இருந்துச்சு. அதுலேர்ந்து மாசா மாசம் குடுக்கறேன்."

"கீரை போட்டியான்னு கேட்டேனே, வாய் கூசாம இல்லன்னியே!"

"இது தீனியா? அப்பாவுக்குப் படைக்கிறது. இதைப் போய்..."

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அகத்திக்கீரை கல்லாக மாறும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பித்ருவுக்குக் கொடுப்பது கெடுதல் செய்யுமா என்ன? அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது.

"உங்க அப்பா எதுல செத்தாரு? சொல்லுய்யா!"

என் மாமனார் கலியபெருமாள் மில்லில் வேலை பார்த்த மனிதர். கடைசியில் மூத்திரம் அடைத்துக்கொண்டு, கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, டியூப் போட்டுப் பக்கத்தில் பை தொங்கத்தான் கிடந்தார். அந்தப் பையைக் காலி செய்தது நான். துணி மாற்றியது நான். மதிவாணன் வாசல் வரைக்கும் வருவார், மூக்கைப் பிடித்துக்கொண்டு, வண்டிக்கு டீசல் போடணும் என்று போய்விடுவார்.

"இருந்தப்ப அந்த மனுஷன் பைய ஒரு நாள் தொட்டியா? இப்ப செத்தவருக்குக் கீரை! அதுவும் அவர மாதிரியே முக்கி முக்கிச் சாவட்டும்னா?"

மிச்சக் கீரையைத் தெருவில் வீசினேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பார்த்துத் தொலையட்டும்.

மறுநாள் விடிந்தபோது பொரிக்குச் சொட்டுகூட வரவில்லை. வயிறு கல்லாக இறுகியிருந்தது. வேனை எடுக்கக் கிளம்பியவரின் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். "நீயும் வா" என்றேன். கூடவே வந்தார்.

கவிநிலா வயிற்றைத் தடவிப் பார்த்தார். "கல்லு மூத்திர வாசல்ல வந்து அடைச்சிக்கிச்சு. இப்பவே எடுக்கணும். விட்டா பை வெடிச்சிடும். லேசா மயக்கம் குடுக்கறேன். அதுலயே போனாலும் போயிடும். சம்மதமா?"

தலையை மட்டும் ஆட்டினேன். டாக்டர் உதவிக்கு ஆளைக் கூப்பிடப் போனார்.

"ஆள் வேணாம் டாக்டர். இவரு புடிச்சிக்குவாரு."

மதிவாணன் என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன். பொரியை மல்லாத்தித் துண்டில் சுற்றி அவர் இரண்டு கைகளிலும் கொடுத்தார்கள். டாக்டர் கருவியை வைத்ததும், அரை மயக்கத்திலும் அது முனகியது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"திரும்பாத. பாரு."

பார்த்தார். பச்சைப்பயறு அளவில், முள் முள்ளாக, ரத்தம் பூசிய கல் வெளியே வந்தது. பின்னாலேயே அடைத்திருந்த மூத்திரம் பீறிட்டு அவர் சட்டை, கை, வேலை அடையாள அட்டை எல்லாம் நனைந்தது. கையை எடுக்கவில்லை. மூக்கைப் பொத்தவும் இல்லை.

"பொழச்சிக்கும்" என்றார் கவிநிலா. கல்லைப் பஞ்சில் வைத்து என் பக்கம் திரும்பினார். "இப்பவாவது சொல்லுங்க. கீரை குடுத்தீங்களா இல்லியா?"

"நான்தான் டாக்டர் குடுத்தேன். அகத்திக்கீரை. இவளுக்குத் தெரியாது" என்றார் மதிவாணன்.

டாக்டர் அவரைத் திட்டிய திட்டில் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு குளிர்ந்தது. கொஞ்சம்தான்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பொரி துண்டுக்குள் கண் விழித்து, மூக்கை ஆட்டியது. அவர் சட்டை ஈரம் காயவில்லை. நாற்றம் அடித்தது. துண்டை இழுத்துப் போர்த்திவிட்டுக் கேட்டார்.

"ஆதி, அப்பாவுக்கும் இப்படித்தான் வலிச்சிருக்குமா?"

இல்லை என்று ஆறுதல் சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

"இதவிட. ராவெல்லாம் ‘மதி, மதி’ன்னு உன்னத்தான் கூப்புட்டாரு. நான்தான் போனேன்."