நாய்க்கு ஒரு பதக்கம்

சுத்தியலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு அவள் மறுபடியும் தட்டத் தொடங்கினாள். உளியின் கீழே இருந்தது உள்ளங்கையளவு எஃகுத் துண்டு. அதில் உருவம் எதுவும் இல்லை, எழுத்தும் இல்லை. தட்டித் தட்டி விழுந்த பள்ளங்கள் மட்டும், அம்மைத் தழும்பு மாதிரி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் படுத்திருந்தார்.

பட்டறையில் இனி வேலை இல்லை. பதக்கத்துக்கு அச்சு வெட்டுவதென்றால் உருவத்தை எஃகில் குழியாகவும் இடவலம் மாற்றியும் செதுக்க வேண்டும். அதற்கு மணிக்கட்டில் உயிர் வேண்டும். அவளுடைய வலது மணிக்கட்டு போய்விட்டது. உளியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் இயந்திரத்தில் வெட்டுகிறவர்களிடம் போய்விட்டார்கள். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில், பதக்கம் அடிக்கிற பெரிய பிரஸ்ஸை விற்று, கழற்றி அனுப்பியாயிற்று. "அப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு" என்று அவள் தலையில் கட்டிவிட்டுக் கணவன் தன் வேலைக்குப் போய்விட்டான். சொன்னாயா என்று பிறகு கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்த அன்றே அவர், "ஏம்மா, பட்டறையில சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார். அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். "இதோ, சாப்பிட்டுட்டு உட்காரணும் மாமா" என்று வந்தது. அன்றிலிருந்து தினமும் தட்டுகிறாள்.

தட்டினால் மட்டும் போதவில்லை. ஆர்டரையும் இட்டுக்கட்ட வேண்டியிருந்தது. ஓட்டப்பந்தயம், செஸ், நீச்சல் எல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் நாய்க் கண்காட்சி.

"நாய்க்கா? குரைச்சதுக்கா, கடிச்சதுக்கா?"

"அழகுக்கு மாமா."

"அடேயப்பா! ஆயுசு பூரா அடுத்தவன் கழுத்துக்குச் செஞ்சேன். என் கழுத்துல ஒருத்தனும் போடலை. நாய் முந்திக்கிச்சு பாரு."

சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

இன்று காலையிலிருந்து அவர் எதுவும் குடிக்கவில்லை. உதட்டை ஈரத்துணியால் நனைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருந்தாள். வலி தோள்வரை ஏறியிருந்தது. ஒரு நாளாவது தட்டாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. அப்படி நினைத்ததற்காக இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.

"ஏம்மா."

குரல் மெலிசாக வந்தது. எழுந்து போனாள்.

"காது எப்படி வச்சிருக்கே?"

"தூக்கின காது மாமா."

"நேத்து தொங்குற காதுன்னே."

"அவங்க... மாத்திச் சொல்லிட்டாங்க."

"எதை, நாயையா?"

அவள் அவருடைய போர்வையை இழுத்துவிட்டாள்.

"எடுத்துட்டு வா. பாக்கறேன்."

கண் மங்கிய பிறகு அவர் கட்டைவிரலால்தான் பார்த்தார். அவள் பட்டறைக்கு வந்து அலமாரி முன்னால் நின்றாள். பழைய அச்சுகள் வரிசையாக இருந்தன. குதிரை, படகு, ஏதோ ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியரின் மூக்கு. எல்லாம் அவர் வெட்டியவை, தொட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். நாய் ஒன்றுகூட இல்லை. வேறு வழி தோன்றாமல் அந்தத் துண்டையே துணியால் துடைத்து எடுத்துப்போய் அவர் கையில் வைத்தாள்.

கட்டைவிரல் நகர்ந்தது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போய், திரும்பி வந்தது. கீழ்வீட்டில் தையல்காரரின் மிஷின் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கட்டில் சட்டத்தில் வண்ணம் உரிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரோமம் நல்லா வந்திருக்கு" என்றார்.

அவள் நிமிரவில்லை.

"இடக்கையில இந்த அளவுக்கு வர்றதே பெரிசு."

மணிக்கட்டைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"மாமா..."

"முகத்துக்கு ஒண்ணும் அவசரமில்லை. போய்ப் படும்மா."

அவள் போகவில்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். வீடு இத்தனை அமைதியாக இருந்து வெகுநாளாகியிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல் மட்டும் துண்டின்மேல் அசைந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில், கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர் படியேறி வந்து வாசலில் நின்றார்.

"ஐயாவுக்கு ஏதாச்சும்...?"

"தூங்குறார்."

"சத்தம் நின்னுபோச்சு, அதான். எனக்குத் தையல் ஓடலை."

உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

அவளும் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் போயிருந்தது. அறையில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது.

கணவன் வந்ததும் வேலைச் சட்டையோடு அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தான். பிறகு அவன் எழுந்து அப்பாவின் கைகளை நேராக்கி வைத்தான். வலது கை விரியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, உள்ளே இருந்ததை எடுத்தான்.

"என்னது இது?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆர்டர்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு துண்டை விளக்கடிக்குக் கொண்டுபோய், எந்தப் பக்கம் மேல் என்று தெரியாமல், திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.