தோண்டக் கூடாத மணல்

நிலைக்கண்ணாடியை மூடியாயிற்று. பீரோவின் கண்ணாடியை மூடியாயிற்று. டி.வி.யின் மேல் பழைய துப்பட்டா ஒன்று விழுந்தாயிற்று. இன்னும் எதுவும் பாக்கி இருக்கிறதா என்று சைனப் மாமி இடுப்பில் கைவைத்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மும்பை சீத்தா கேம்ப்பின் ஒற்றை அறை வீட்டில் சுற்றிப் பார்க்க என்ன இருந்துவிடப் போகிறது? ஜன்னலோரம் இரும்பு ஸ்டாண்டின் மேல் இருந்த கண்ணாடித் தொட்டியில் அவள் கண் போய் நின்றது. குனிந்து உள்ளே பார்த்தாள். மணலும் மரக்கட்டையும் தேங்காய்ச் சிரட்டையுமாகக் கிடந்த இடத்தில் ஒரு சங்கு தானாக எழுந்து நாலு எட்டு நடந்தது. மாமி சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“ஏளா நஸீரா, இதுல ஆம்பள நண்டு எதும் இருக்கா?”

வேறொரு நாளாக இருந்தால் நஸீரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அன்று காலையில்தான் அவள் புருஷன் கரீம் பாட்சாவை அடக்கிவிட்டு வந்திருந்தார்கள். புருஷன் மௌத்தானால் பெண்டாட்டி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டைவிட்டு இறங்கக் கூடாது, அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக் கூடாது. கண்ணாடியை மூடுவதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் வெள்ளிக்கிழமைப் பயானிலேயே சொல்லிப் பார்த்துவிட்டார். கரீமின் பெரியம்மாவான சைனப் மாமிக்கு ஹஸ்ரத்தைவிட நாலு விஷயம் கூடத் தெரியும். ஆணா பெண்ணா என்று தெரியாத ஜந்துவை ஆண் கணக்கில் சேர்ப்பதுதான் பத்திரம் என்று அவளே தீர்ப்புச் சொல்லி, கைக்குக் கிடைத்த வெள்ளைத் துணியைத் தொட்டியின் மேல் விரித்தாள். கரீமைப் பொதிந்த கஃபனுக்கு வெட்டியதில் மிஞ்சிய துணி அது. நஸீரா அதைக் கவனித்தாள்.

தொட்டி கரீம் செய்தது. செம்பூர்ப் பக்கம் அலுமினிய ஜன்னல் போடும் வேலை அவனுக்கு. வெட்டி மிஞ்சிய கண்ணாடிகளைப் பசை வைத்து ஒட்டி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டான். ஜுஹூ கடற்கரையில் ஒருத்தன் சங்கு நண்டுகளை, ஓட்டின் மேல் கார்ட்டூன் முகம் வரைந்து, கம்பிக் கூண்டில் போட்டு விற்றுக்கொண்டிருந்தானாம். மூச்சு விடவே ஈரம் வேண்டிய பிராணிகளை இப்படி வெயிலில் வைத்திருக்கிறானே என்று மனசு கேட்காமல் நாலை வாங்கி வந்தான். அதற்கப்புறம் ஃபோனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினான். மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்கிற பதத்துக்குத் தண்ணீர் தெளித்து, சொன்ன அளவைவிட இரண்டு பங்கு ஆழமாகக் கொட்டினான். ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர், ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீர். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, குளோரின் போக மருந்து விட வேண்டும். சமையல் உப்பு ஆகாது, கடல் மீன் வளர்க்கிறவர்கள் வாங்கும் உப்புதான் வேண்டும். உள்ளே ஈரம் காட்டும் மானி ஒன்று. அதில் முள் இறங்கினால் கரீமின் முகமும் இறங்கிவிடும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தீர்களா என்று நஸீரா குத்திக் காட்டியிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே கண்ணாடியை நகத்தால் மூன்று தட்டுத் தட்டுவான். வேலை முடிந்து வந்துவிட்டேன் என்று நண்டுகளுக்குத் தகவலாம்.

நாலில் ஒன்றுக்குப் பெரியவன் என்று பெயர். பெரியவனுக்குச் சங்கு சிறுத்துவிட்டது. பெரிதாக ஒன்று பக்கத்தில் கிடந்தால்தான் மாறிக்கொள்ளும். டிராம்பே கரையில் படகுக்காரர்கள் வலை உதறுகிற இடத்தில் காலிச் சங்குகள் கிடக்கும் என்று யாரோ சொல்ல, கரீம் ஒரு மத்தியானம் தண்ணீர் வற்றிய நேரமாகப் பார்த்துப் போனான். போனவன் வரவில்லை. சேறு காலைப் பிடித்திருக்கும், அதற்குள் தண்ணீர் ஏறியிருக்கும் என்றார்கள் படகுக்காரர்கள். சில நாள் கழித்து அலையாத்திப் புதருக்குள் ஒரு உடம்பு கிடைத்தது. தம்பி ஆஷிக் போய் அடையாளம் காட்டினான். சந்தூக்குப் பெட்டியைத் தூக்குமுன் முகத்துணியை விலக்கி வீட்டாருக்குக் காட்டுவது வழக்கம். நஸீராவுக்குக் காட்டவில்லை. நல்ல முகமே மனசில் இருக்கட்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் முகத்தைப் பார்க்காமல் எப்படி அழுவது? வந்த அழுகை பாதியில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அங்கேயேதான் நிற்கிறது.

கரீம் காணாமல் போன அதே நாளில் பெரியவனும் மணலுக்குள் இறங்கிவிட்டான். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இந்த நண்டுகள் வளரும்போது மண்ணுக்கடியில் போய் மேல்தோலை உரித்துவிட்டு, புதுத்தோல் கெட்டிப்படும்வரை அங்கேயே கிடக்கும். ஒரு மாதம் ஆகலாம், மேலேயும் ஆகலாம். என்ன ஆனாலும் தோண்டக் கூடாது, தோண்டினால் செத்துப்போகும் என்று கரீம் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். நஸீரா தனக்குள் ஒன்றை முடிந்து வைத்துக்கொண்டாள்: பெரியவன் உயிரோடு மேலே வந்தால், அவரும் வருவார். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். அடக்கிய ஆளுக்காக அல்லாஹ்விடம் கேட்கப் பயம். அதனால் நண்டு வரட்டும் என்று மட்டும் துஆ கேட்டாள்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மாமி சாப்பிட்டுக் கண்ணயரும் மத்தியான நேரத்தில் நஸீரா வெள்ளைத் துணியை மெதுவாக விலக்குவாள். தண்ணீர் மாற்றுவாள், மணலில் ஈரம் பார்ப்பாள், தேங்காய்த் துண்டு போடுவாள். மற்ற மூன்றும் முன்பெல்லாம் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். இப்போது ஒரே இடத்தில் கூடி, தலையைக் கீழே தாழ்த்தி, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல நின்றன. தொட்டியின் பக்கவாட்டில், மணலுக்குள் எலுமிச்சம்பழ அளவு ஒரு பள்ளம் கண்ணாடியை ஒட்டித் தெரிந்தது. உள்ளே இருட்டு. மறுநாள் அது வேறிடத்தில் இருந்தது. நேற்றைய இடத்தில் பள்ளம் இருந்ததற்கான அடையாளமே இல்லை.

ஒரு மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. கண்ணாடியில் நகத்தால் தட்டுவதுபோல மூன்று முறை. நஸீராவின் கை அப்படியே நின்றது. சங்கு கண்ணாடியில் உரசியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். மேலே இருந்த மூன்றும் நடுவில் அசையாமல் கிடந்தன. சத்தம் கீழிருந்து வந்தது. அவள் எழுந்துபோய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தானும் மூன்று தட்டினாள். பதில் இல்லை. திரும்பி வந்து கீரையின் முன் உட்கார்ந்தாள். பயம்தான். ஆனால் அந்தப் பயம் தன்னை விட்டுப் போய்விடக் கூடாதே என்றும் இருந்தது.

வாசல் மூலையில் கிடந்த கரீமின் பழைய செருப்பில் ஈர மணல் ஒட்டியிருந்ததை அதற்கு அடுத்த வாரம் பார்த்தாள். மாமி கக்கூஸுக்குப் போட்டுக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்து, சும்மா கேட்டும் வைத்தாள். மௌத்தானவன் செருப்பில் நான் எதுக்குளா காலை விடுறேன் என்று மாமி கோபித்துக்கொண்டாள். நஸீரா செருப்பைத் தட்டிச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள்.

பிறகு வாடை வந்தது. சீத்தா கேம்ப்பில் வாடைக்கு என்ன பஞ்சம்? சுத்திகரிப்பு ஆலை வாயு ஒரு பக்கம், கடல் சேறு ஒரு பக்கம், கருவாடு ஒரு பக்கம். ஆனால் இது வீட்டுக்குள்ளிருந்து வந்தது. மீன் கெட்டதுபோல மெல்லிய வாடை. நண்டு செத்தால் அப்படித்தான் நாறும் என்று கரீம் சொன்னது நஸீராவின் நினைவுக்கு வந்தது. மாமி மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு ஆஷிக்குக்கு ஃபோன் போட்டாள். அவனுக்கு அந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாது, அண்ணனைக் கொண்டுபோனதே அதுதான் என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். வந்து எடுத்துப்போய்க் கடலில் கொட்டிவிடுகிறேன் என்றான். இத்தா முடியட்டும், அதுவரை கை வைக்காதீர்கள் என்று நஸீரா கெஞ்சினாள். மாமி சரி என்றுதான் சொன்னாள்.

சாயங்கால அஸர் தொழுகைக்குத் தக்பீர் கட்டி நின்றபோதுதான் முதுகுக்குப் பின்னால் கரண்டி உராயும் சத்தம் கேட்டது. தொழுகையில் நிற்கிறவள் திரும்பக் கூடாது, பேசக் கூடாது. மாமி அந்த நேரத்தைத்தான் பார்த்து வைத்திருந்தாள். மணலை அள்ளுகிற ஓசை, கட்டை புரளுகிற ஓசை. நஸீரா ஓதவேண்டியதை ஓதினாள், ஒரு சொல்லும் மனசில் ஏறவில்லை. நெற்றி பாயில் பட்டிருந்தபோது, “யா அல்லாஹ்” என்று மாமி முனகுவது கேட்டது. அவசர அவசரமாக ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினாள்.

தரையில் விரித்த செய்தித்தாளின் மேல் பெரியவன் கிடந்தான். சங்கு இல்லாமல், முழு உடம்பாக. காலெல்லாம் மடங்கி, பெரிய கொடுக்கு ஒரு பக்கம் சாய்ந்து.

“மௌத்தாப் போச்சுளா. நான் சொன்னம்லா?” மாமியின் குரலில் இரக்கமும் இருந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

நஸீரா இரண்டு கையாலும் அதை எடுத்தாள். எடையே இல்லை. அப்பளத் துண்டு இருக்கிற கனம்கூட இல்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சம் அதன் வழியாக வந்தது. கால்கள் இருந்தன, மீசை இருந்தது, நீட்டிக்கொண்டிருந்த காம்புகளின் முனையில் இரண்டு கண்கள் இருந்தன. கண்ணுக்குள்ளும் ஒன்றும் இல்லை. முதுகுப் பக்கம் மட்டும் நீளமாக ஒரு வெடிப்பு.

“மாமி, இது அவன் இல்ல. அவன் கழட்டிப் போட்டுட்டுப் போனது.”

“கண்ணு மூக்கோட முழு உடம்பு கெடக்கு. இல்லேங்கியே?”

மாமி சாதாரணமாகத்தான் சொன்னாள். நஸீரா அந்தக் கூட்டைக் கையில் வைத்தபடியே நின்றாள். மணலில் யார் எதைத் தோண்டி எடுத்தாலும், உருவம் சரியாக இருந்தால் அதுதான் என்று சொல்லிவிடுவார்கள். வாசல் திரைக்கு அப்பால் ஆஷிக் வந்து நிற்பது தெரிந்தது. சாக்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அவள் திரைக்குப் பக்கத்தில் போனாள்.

“தம்பி, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். அவுக மூஞ்சிய நீங்க பாத்தீகளா?”

வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு டி.வி.யில் யாரோ இந்தியில் சிரித்தார்கள்.

“மூஞ்சின்னு ஒண்ணும் இல்ல மைனி,” என்றான் ஆஷிக். “அண்ணன் வேலை பாத்த கடை டீ-ஷர்ட் போட்டிருந்துச்சு. ஹைட்டும் அதே மாதிரி. போலீஸ்காரன், யஹி ஹை க்யா, இவன்தானான்னு கேட்டான். நான் ஆமான்னுட்டேன்.” திரைக்கு அப்பால் சாக்கு சரசரத்தது. “தேடித் தேடி ஓஞ்சு போயிட்டோம் மைனி. நீங்க சோறு தண்ணி இல்லாம கெடந்தீங்க. ஏதாச்சும் ஒரு முடிவு வேணுமேன்னு நெனச்சேன்.”

நஸீராவுக்குக் கோபம் வரவில்லை. அந்த டீ-ஷர்ட்டைப் போட்டு அந்தக் கடையில் எத்தனையோ பேர் வேலைக்கு வந்து போயிருக்கிறார்கள். அப்படியென்றால் மண்ணுக்குள் இருப்பது யார், தான் இத்தா இருப்பது யாருக்கு? எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தி, கண்ணாடிகளை மூடாமல், தலைவாரிக்கொண்டு, புருஷன் வேலையிலிருந்து வருவான் என்று காத்திருக்கிறாளா? அவளை நினைத்தபோது நஸீராவுக்குப் பாவமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷமும் கூடவே எழுந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டுதான் அவள் மிகவும் பயந்தாள்.

தொட்டியின் பக்கம் திரும்பினாள். மாமி தோண்டிய குழி கோணலாக வாய் திறந்திருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு சுரங்கம் கட்டைக்குக் கீழாக, சாய்வாக, ஆழத்துக்கு இறங்கியது. கூட்டைக் கழற்றியவன் அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். தோண்டக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கையை உள்ளே விட்டாள். மணல் வெதுவெதுப்பாக இருந்தது, கதகதவென்று போர்வைக்குள் இருக்குமே, அந்தச் சூடு. மணிக்கட்டு போயிற்று. மேலே இருந்த மூன்றும் ஒன்றாகச் சங்குக்குள் இழுத்துக்கொண்டன. விரல்களை மெல்ல விரித்துத் துழாவினாள். தொட்டியின் அடிக்கண்ணாடி இந்நேரம் தட்டுப்பட்டிருக்க வேண்டும். தட்டுப்படவில்லை.

ஏதோ ஒன்று அவள் சுண்டுவிரலைப் பிடித்தது.

நண்டின் பிடி அவளுக்குத் தெரியும், ஊசி இறங்குகிற மாதிரி இருக்கும். தோல் உரித்த நண்டு மெத்தென்று இருக்கும் என்று கரீம் சொல்லியும் இருக்கிறான். அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிடி விரலைச் சுற்றி வந்தது. மெத்தென்று, ஈரமாக, தூக்கத்தில் பிடிப்பதைப்போலப் பலமில்லாமல்.

மாமி சத்தமாக ஓத ஆரம்பித்திருந்தாள். திரைக்கு அப்பாலிருந்து ஆஷிக் கூப்பிட்டான்.

“மைனி, உள்ள ஏதும் இருக்கா?”

உருவினால் அது செத்துப்போகும். விட்டால் இறங்கிப் போய்விடும். கன்னத்தைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிடி மெல்ல இறுகியது. பிறகு பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக, அவள் கையைக் கீழே இழுத்தது. நஸீரா தோளைத் தாழ்த்திக் கொடுத்தாள்.