வெறும் வயிற்று ரத்தம்

ஒரு ஆளின் ரத்தம் அந்த மழைக்காலத்தில் பெங்களூர் மர்பி டவுனில் நூற்று இருபது ரூபாய்க்குப் போயிற்று. மஞ்சள் மூடி டியூபில் கொஞ்சம், ஊதா மூடி டியூபில் கொஞ்சம். அந்தக் காசு ரத்தம் கொடுத்தவருக்கு அல்ல, எடுத்தவனுக்கு. கொடுத்தவருக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும், மூடி சரியாகப் பொருந்தாத ஒரு டிபன் டப்பாவும்.

எடுத்தவன் ரெமிஜியஸ். காலை ஏழு மணிக்கு லூர்து மாதா சந்தின் முனையில், மாதா சிலை நிற்கும் கெபிக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஐஸ் பெட்டியும் போட்டு உட்கார்ந்துவிடுவான். அவன் அப்பா ரஸ்ஸல் மார்க்கெட்டில் பழம் விற்றவர். வந்தவர் விலை கேட்பதற்குள் ஆப்பிளை நறுக்கி ஒரு துண்டைக் கையில் வைத்துவிடுவார். தின்றவர் வெறுங்கையோடு நகர மாட்டார். மகனுக்கும் அதே கைராசி. "பொண்ணுக்கு எப்பக்கா கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே ரப்பர் பட்டையைக் கட்டிவிடுவான். கல்யாணக் கதை முடியும்போது டியூப் நிறைந்திருக்கும்.

எதற்கு ரத்தம் என்று கேட்டவர்களுக்கு அவனிடம் சுருக்கமான பதில் இருந்தது. "எந்த ஏரியாவுல எத்தனை பேருக்கு கிட்னி கெட்டுக்கினு வருதுன்னு ஆராய்ச்சி. எங்க அதிகமோ அங்க ஃப்ரீ கிளினிக் போடுவாங்க. டயாலிசிஸோட."

"கிட்னி நல்லா இருந்துட்டா?"

"சந்தோஷப்படு. அதுக்கும் டிபன் டப்பா உண்டு."

சந்தில் நாற்பது பேர். அந்த நாற்பது பெயரையும் கம்ப்யூட்டர் பொறுக்கியிருந்தது. அவருக்குப் பதில் இவர் என்று மாற்றக் கூடாது. ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டாக்டர் வித்யாலட்சுமி பயிற்சி நாளிலேயே இதை அழுத்திச் சொல்லியிருந்தாள். "கையில கிடைச்சவங்ககிட்ட மட்டும் எடுத்தா, வீட்ல இருக்கறவங்க கணக்குதான் வரும் ரெமி. ஊர் கணக்கு வராது."

ஒப்புதல் கையெழுத்து நாற்பதும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போதே கிடைத்துவிட்டது. ரத்தம்தான் கிடைக்கவில்லை. ஞாயிறு லேப் மூடியிருக்கும். மற்ற நாள்களில் வெறும் வயிற்று ரத்தம், ஏழிலிருந்து ஒன்பதுக்குள். ஒன்பதுக்கு வண்டி வந்து பெட்டியை எடுத்துப் போகும். வேலைக்குப் போகிற பெண்கள் அதற்குள் வைட்ஃபீல்டில் யாரோ ஒருவருடைய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பதினோரு பெயர்கள் அப்படியே நின்றன.

சந்து முடியாவிட்டால் மொத்தச் சந்துக்கும் பாதிக் கூலிதான் என்று ஆபீஸில் சொன்னார்கள். விடியற்காலையில் ஒரு வண்டி அனுப்பச் சொல்லிப் பார்த்தான். பட்ஜெட்டில் இல்லை என்றார்கள். அவன் மனைவி மௌரீன், மகனின் ஸ்கூல் வேன் பாக்கிக்கு அந்தக் காசைத்தான் சொல்லி வைத்திருந்தாள்.

மறுநாள் ஐந்தரை மணிக்கே பெட்டியோடு பஸ் ஸ்டாப்புக்குப் போனான். அந்தப் பதினோரு பெண்களும் தூக்குவாளியும் கைப்பையுமாக நின்றிருந்தார்கள். அல்போன்சா முன்னால் இருந்தாள். வைட்ஃபீல்டில் பதினெட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்டும் வராந்தாவும் துடைக்கிற வேலை அவளுக்கு.

"அக்கா, ஒரே ஒரு நாள் லீவு போடுங்கக்கா."

"லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போவும். மறுநாள் சூப்பர்வைசர் வாய் வேற. நீ குடுப்பியா?" அவள் பையைக் கீழே வைத்து ரவிக்கைக் கையை மேலே இழுத்துவிட்டாள். "இப்பவே எடு. ராத்திரி சாப்ட்டதுதான், இன்னும் பச்சத்தண்ணி குடிக்கல."

"வண்டி ஒம்போதுக்குத்தான்கா வரும். அதுக்குள்ள ரத்தம் கெட்டுடும்."

"என் ரத்தம் அவ்ளோ லேசுல கெடாதுப்பா. எங்க சூப்பர்வைசர் தினம் குடிக்கறான், இன்னும் நல்லாத்தான் கீறான்."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி கை நீட்ட, மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் குனிந்து நரம்பைத் தேடும்போது அல்போன்சாவின் பாதம் கண்ணில் பட்டது. செருப்பு வார் இரண்டு பக்கமும் சதைக்குள் புதைந்திருந்தது. பஸ் வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் கன்னடத்தில் திட்ட, அல்போன்சா கன்னடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, பஞ்சை முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினாள்.

பதினோரு பேருக்கும் ஏழரை என்று நேரம் எழுதி அனுப்பினான். லேப் ஏமாறவில்லை. சர்க்கரை இறங்கிக் கிடக்கிறது, சீரம் சிவந்திருக்கிறது, எடுத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்று பதினொன்றையும் தள்ளிவிட்டார்கள். அந்த ரத்தம் மஞ்சள் குப்பைப் பையில் போயிற்று. இன்னொரு தடவை இப்படி வந்தால் சந்துக்குச் சல்லிக்காசு கிடையாது என்று போனும் வந்தது.

அன்று மாலை மச்சான் டேரில் வீட்டுக்கு வந்தான். மௌரீனின் தம்பி. வேலை ஒன்றை விட்டு இன்னொன்று தேடிக்கொண்டிருந்தவன், இடையில் காலையும் மாலையும் ஃபுட்பால். முன்கையில் நரம்பு கயிறு மாதிரி ஓடியது. ரெமிஜியஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விஷயத்தைச் சொன்னான்.

"எத்தனை பேருக்கு மாமா?"

"பதினோரு பேருக்கு."

"அப்ப ஃபுல் டீமும் நான் ஒருத்தனே ஆடணும்." டேரில் கையை நீட்டினான். "பிரியாணி சிக்கனா மட்டனா, அத மொதல்ல பேசு."

மூன்று காலைகளில் வேலை முடிந்தது. மட்டனுக்குப் பேரம் படிந்தது. டேரிலின் ரத்தத்தின் மேல் பதினோரு பெண்களின் பெயர்ச் சீட்டை ரெமிஜியஸ் ஒட்டினான். அப்பா கூடையின் மேல்வரிசையில் நல்ல பழமாக அடுக்குவார், அதை யாரும் பாவம் என்று சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டான். அல்போன்சாவின் சீட்டு மட்டும் கோணலாக ஒட்டிக்கொண்டது. பிய்த்து மறுபடி ஒட்டினான். கெபியைத் தாண்டும்போது வழக்கமாகப் போடும் சிலுவையை அன்று போடவில்லை. போட்டால் மாதா ஏனென்று கேட்பாள்.

இரண்டு மாதம் கழித்து வித்யாலட்சுமி கூப்பிட்டு அனுப்பினாள். மேஜைமேல் காகிதங்கள் பரப்பியிருந்தன.

"உங்க சந்துல பதினோரு பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் பதினஞ்சுக்கு மேல, ரெமி. காக்ஸ் டவுன்ல டெய்லி மாதுளம்பழம் சாப்பிடறவங்களுக்கே பன்னண்டு தாண்டல."

"மாட்டுக்கறி மேடம். ஞாயித்துக்கிழமை தவறாது."

அவள் சிரிக்கவில்லை. அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருக்கும்," என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினாள். மூத்த மார்க்கெட்காரர்கள் தராசு சாய்வதைக் கவனிக்காத மாதிரி ஆகாயத்தைப் பார்ப்பார்கள். ரெமிஜியஸுக்கு அந்தப் பார்வை தெரியும்.

ரிப்போர்ட்டுகளை அவனே வீடு வீடாகக் கொடுத்தான். அல்போன்சா உறையைப் பிரித்து வாசலிலேயே படிக்கச் சொன்னாள்.

"நார்மல்கா. எல்லாம் நார்மல்."

"மாதாவுக்கு தோத்திரம். காலு வீங்குதேன்னு இந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு லீவு கேட்டு வெச்சிருந்தேன். வேணாம்னு சொல்லிடறேன். நிக்கற வேல, அதான் வீங்குது."

"இருந்தாலும் ஒரு தடவ காட்டிடுங்கக்கா."

"ரிப்போர்ட் குடுத்த நீயே சொல்றியா? இரு, டீ போடறேன்."

டீயில் சர்க்கரை தாராளமாக இருந்தது. அவனால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

அப்புறம் அவன் சந்து வழியாகப் போவதைக் குறைத்துக்கொண்டான். சுற்றுவழி பழகிக்கொண்டான். ஆனால் பூசையில் தப்ப முடியவில்லை. வாராவாரம் அல்போன்சாவின் முகம் உப்பிக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிறு நன்மை அப்பம் வாங்கப் போனவள், பீடம் போகுமுன் நடுவழியில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இளைப்பு கோயிலின் பின்வரிசை வரை கேட்டது. ரெமிஜியஸ் பின்வரிசையில்தான் இருந்தான். மௌரீன் அவன் முகத்தைப் பார்த்து, "உனக்கு என்ன உடம்பு?" என்றாள்.

அன்று சாயங்காலமே அல்போன்சா வீட்டுக்குப் போனான். மெஷினில் தப்பு, திரும்ப எடுக்க வேண்டும் என்றான். சொந்தக் காசில் தெரிந்த லேப் ஒன்றில் கொடுத்தான். ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டிய கிரியாட்டினின் ஆறைத் தாண்டி நின்றது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவளெதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தபோது, யார் கையிலும் கட்ட ரப்பர் பட்டை இல்லாததால் பேச்சு எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை.

"கிட்னி ரெண்டும் டவுன் ஆயிட்டிருக்குக்கா. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போணும். நான் கூட வரேன்."

அல்போன்சா சீட்டை வாங்கித் தலைகீழாகவே பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "மெஷின் பாவம், அதுக்கு என்ன தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்ப அன்னிக்கு என்னோட கை நீட்டினவங்களுக்கும் தப்பாத்தான் வந்திருக்குமா? அவங்ககிட்டயும் சொல்லணும் இல்ல?"

ரெமிஜியஸ் சீட்டை மடித்துப் பையில் வைத்தான்.

"மெஷின் இல்லக்கா. நான்தான். உங்க எல்லார் ரத்தமும் கெட்டுப்போச்சுன்னு திருப்பிட்டாங்க. வேற ஆள் ரத்தத்த வெச்சுட்டேன்."

"யாருது?"

"டேரிலோடது."

"ஃபுட்பால் ஆடுவானே, அவனா?"

"ம்."

பக்கத்து வீட்டு டிவியில் யாரோ கைதட்டினார்கள். "நல்ல ரத்தமாத்தான் பாத்துக் குடுத்திருக்க," என்றாள் கடைசியில். டீ போட எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை அவளைப் பெரிய ஆஸ்பத்திரியின் வரிசையில் உட்காரவைத்துவிட்டு நேராக வித்யாலட்சுமியிடம் போனான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? பதினோரு பொம்பளைங்களுக்கு ஒரே ரத்தம். மாட்டுக்கறின்னு சொன்னீங்க, நானும் எழுதிக்கிட்டேன். மார்ச்சோட எனக்கும் கான்ட்ராக்ட் முடியுது."

"இப்ப மாத்திடலாம் மேடம்."

"டேட்டா லாக் ஆயிடுச்சு. ஒரு சந்து பொய்னு எழுதிக் குடுத்தா மத்த ஏரியாவையும் நம்ப மாட்டாங்க. கிளினிக்குக்கு வந்த பணம் திரும்பிப் போயிடும். அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. உங்க மனசு லேசாகறதுக்கு அத்தனை பேரும் வெலை குடுக்கணுமா?"

அவனுக்குப் பேரம் பேச வராத நாள் இருந்ததில்லை. அன்றும் வந்தது, குரல்தான் அவனுடையதாக இல்லை. "அப்ப பதினோரு பேருக்கும் திரும்ப டெஸ்ட் பண்ணிக் குடுங்க. ஃப்ரீயா. ஞாயித்துக்கிழமை. இல்லன்னா நான் எழுதிக் குடுத்துடுவேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "நீங்க வேலைய விட்டுடணும். குடும்ப விஷயம்னு எழுதுங்க."

"எழுதறேன்."

ஞாயிற்றுக்கிழமை லேப் திறந்தது. சாவி வித்யாலட்சுமியின் கைப்பையிலேயே இருந்தது. பதினோரு பெண்களும் பூசைக்குப் போட்ட புடவையோடு, வெறும் வயிற்றோடு வந்தார்கள். ரெமிஜியஸ் ஒரு வார்த்தையும் பேசாமல் ரத்தம் எடுத்தான். அல்போன்சாவைத் தவிர இன்னும் நான்கு பேருக்குக் கெட்டிருந்தது. அந்த முடிவுகள் தனித்தனிக் காகிதத்தில் அவரவர் கைக்குப் போயின.

"சந்துக் கணக்குல இது சேருமா மேடம்?"

"சேராது."

அடுத்த கோடையில் கிளினிக் காக்ஸ் டவுனில் திறந்தது. அங்கே ரிட்டயரான டீச்சர்களும் ரயில்வேக்காரர்களும் காலை ஏழு மணிக்கு வீட்டில் இருந்தார்கள். கேட்ட ரத்தத்தை எல்லாரும் கொடுத்திருந்தார்கள், கெட்ட கிட்னி எல்லாம் கணக்கில் ஏறியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் டயாலிசிஸ் மெஷின் கிடைக்காததால், மூன்றாவதற்காக ரெமிஜியஸ் அல்போன்சாவை ஆட்டோவில் அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். இப்போது அவனுக்கு மருந்துக் கம்பெனி ஒன்றில் பெட்டி கொண்டுபோகிற வேலை. அவளுக்கு வேலை இல்லை. இறங்கும்போது அவன் கை கொடுத்தான். அவள் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

முன்மேஜையில் நோரா என்று பெயர் குத்தியிருந்த பெண் உட்கார்ந்திருந்தாள். மரியாதையான பெண். அல்போன்சாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள்.

"அட்ரஸ் சொல்லுங்க ஆன்ட்டி."

அல்போன்சா சொன்னாள். பெண் டேப்லெட்டில் தட்டினாள், விரலால் தள்ளிப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"ஃப்ரீ ஸ்லாட் ரிஸ்க் ஏரியாக்காரங்களுக்கு மட்டும்தான் ஆன்ட்டி. உங்க ஏரியா அதுல வரல."

"என் காலப் பாரும்மா," என்றாள் அல்போன்சா.

"தெரியுது ஆன்ட்டி. நான் என்ன பண்றது, சர்வே பண்ணித்தான் போட்டிருக்காங்க. வேணும்னா பாருங்க." பெண் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். அல்போன்சாவுக்கு அந்த எழுத்து எட்டவில்லை. அவள் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறக்காததால், பெண்ணே விரல் வைத்து வரிவரியாகப் படித்துக் காட்டினாள்.

"மர்பி டவுன், லூர்து மாதா சந்து. செலக்ட் பண்ணது நாப்பது பேர். ரத்தம் குடுத்தது நாப்பது பேர். கிட்னி பிரச்னை ஒருத்தருக்கு. விட்டுப்போனவங்க, யாரும் இல்ல."