உரிக்காத தாள்

விளையாட்டு தொடங்கிப் பதினோராவது நிமிடத்தில் கணினி அணைந்தது. திரை கறுத்தது, விசிறிகள் நின்றன. ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு முனகல் இல்லை.

"மூணாவது தடவை," என்றாள் நூலகரின் மனைவி. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மெதுவாக வைத்தாள். கோபம் முற்றினால்தான் அவள் எதையும் மெதுவாக வைப்பாள்.

புது பிராசசர், புது கிராபிக்ஸ் கார்டு, பிராசசரின் சூட்டை இழுக்கும் புது கூலர், மூன்றையும் நேற்று மாட்டியவர் நூலகர்தான். கடையிலேயே மாட்டித் தருகிறோம் என்றார்கள். "பத்தாயிரம் புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கை இது" என்று சொல்லிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கை இப்போது பாக்கெட்டுக்குள் பதுங்கியிருந்தது.

ஐந்து மணிக்கு ஆன்லைன் போட்டியின் அரையிறுதி. மனைவியின் அணியில் ஐந்து பெண்கள், ஐந்து பேருக்கும் பூச்சிப் பெயர். இவள் குளவி. தலைவி பூரான் பயிற்சியிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்: "மேட்ச் நடுவுல நீ காணாமப் போனா அஞ்சு பேரும் அவுட். அஞ்சுக்குள்ள சரியாகலன்னா கரப்பான உக்கார வச்சிருவேன்." கரப்பான் என்பவள் மாற்று ஆட்டக்காரி. மூன்று மாதமாகக் காத்திருக்கிறாள். குளவி இந்த ஆட்டத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்தவள்.

நூலகர் வேறு பிளக்கில் சொருகிப் பார்த்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஸ்டாண்டு ஃபேனை நேராகத் திருப்பி வைத்தார். ஒயர்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "பவர் சப்ளை போதல. புது கார்டு கரண்ட மொடக்கு மொடக்குன்னு குடிக்குது."

நாலேகாலுக்கு மனைவியின் அண்ணன் பையோடு வந்து சேர்ந்தார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.

"என்ன மாப்பிள்ள, நேத்து கல்யாணம், இன்னைக்குக் காரியமா?"

"பவர் சப்ளை மச்சான்."

"அதுவே உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?"

தங்கையிடம் பிராசசரின் சூட்டைக் காட்டும் எண்ணைத் திரையில் போடச் சொன்னார். எழுபது. எண்பத்திரண்டு. தொண்ணூற்றைந்து. கூலரின் தகடுகளில் இரண்டு விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"சில்லுன்னு இருக்கு."

"அப்ப நல்லதுதான?" என்றார் நூலகர்.

"ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி சூடு வரலன்னா உள்ள கூலிங் இல்லன்னு அர்த்தம் மாப்பிள்ள. கீழ தொண்ணூத்தஞ்சு கொதிக்குது, மேல வந்து சேரல. நடுவுல எதுவோ மறிக்குது."

நூலகருக்கு அந்த நொடியில் ஞாபகம் வந்தது.

அந்த வீட்டில் ரிமோட் வாங்கிய நாளின் பிளாஸ்டிக் தாளோடு இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவும் அப்படியே. சுவர்க் கடிகாரம் ஆறு வருடமாக மங்கலாகத்தான் மணி காட்டியது. நேற்று மாட்டும்போது கூலரின் அடிப்பக்கச் செம்பு முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அதன்மேல் கண்ணாடித் தாள். தாளில் சிவப்பு எழுத்து: மாட்டும் முன் உரிக்கவும். அவர் அதைப் படித்தார். எழுத்துக் கூட்டி, முழுதாகப் படித்தார்.

"எதுன்னு தெரியாமக் கழட்டினா அஞ்சுக்குள்ள மாட்ட முடியாது," என்றார் அண்ணன். "ஒவ்வொண்ணாத்தான் பாக்கணும்."

மணி நாலரை. மனைவி போனை எடுத்தாள். "அப்ப கரப்பானையே உக்காரச் சொல்லிடுறேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி பவர் சப்ளைமேல் போய்விடும். பவர் சப்ளை எதிர்த்துப் பேசாது. நூலகர் இதையும் யோசித்தார்.

"கூலரைக் கழட்டுங்க மச்சான். அடியில தாள் இருக்கு."

"என்ன தாள்?"

"உரிக்காத தாள்."

"ஏங்க, பாக்காம விட்டுட்டீங்களா?" என்றாள் மனைவி.

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"கீறல் விழுமேன்னு..."

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் மூச்சு வரவில்லை. மனைவி சிரிக்கவில்லை. "அண்ணா, சிரிப்பெல்லாம் அப்புறம். கழட்டு."

தாள் உரிந்தது. சூட்டைக் கடத்த நேற்றுப் பூசிய பசையைத் துடைத்தார்கள். புதுப் பசைக்கு எங்கே போவது என்று அண்ணன் விழித்தபோது, நூலகர் அலமாரியிலிருந்து பாதிப் பசை மிஞ்சிய குழாயைக் கொண்டுவந்தார். நேற்றே மூடி போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருந்தார்.

"உங்க கஞ்சத்தனம்தான் கவுத்துச்சு, அதுதான் காப்பாத்துது," என்றார் அண்ணன்.

நாலு ஐம்பத்தேழுக்குக் கணினி உயிர் பெற்றது.

ஆட்டம் தொடங்கியதும் அறையில் யாரும் பேசக்கூடாது, மைக்கில் கேட்டுவிடும். அண்ணன் அதற்குத்தான் காத்திருந்தார். ஃப்ரிட்ஜ் கதவின் மூலையில் நகத்தை விட்டு மெல்ல இழுத்தார். ஆறு வருடத் தாள். நூலகர் வாயைத் திறந்தார். மனைவி திரும்பாமலே விரலை உயர்த்தினாள். மூடிக்கொண்டார். அடுத்து ரிமோட். அடுத்து கடிகாரம். அது பளிச்சென்று ஐந்து பன்னிரண்டு காட்டியது.

கணினி அணையவில்லை. திரையின் ஓரத்தில் சூடு அறுபத்திரண்டில் நின்றது. மனைவி யாரையோ சுட்டுவிட்டு, "வாங்கடி" என்று மைக்கில் கத்தினாள்.

நூலகர் தரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கினார். சுருக்கத்தை நீவிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அலமாரிக்குள் பத்திரப்படுத்தினார்.